மரபணு திருத்திய நெல்: அம்மா கேட்டது ஆபத்தைப் பற்றிய கேள்வி இல்லையா?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். புது நெல் ரகங்களைப் பற்றிப் பேச ஓர் இளம் விஞ்ஞானி வந்திருந்தார். 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தாரே, மரபணு திருத்திய இரண்டு ரகங்கள், அவற்றைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று டிஆர்ஆர் தான் 100, கமலா என்று பெயர். நம் பிபிடி 5204-ஐ வைத்து ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இன்னொன்று பூசா டிஎஸ்டி 1. டெல்லியில் எம்டியு 1010-ஐ வைத்துச் செய்தது, உப்பு நிலத்தைத் தாங்கும் என்கிறார்கள்.

அந்தத் தம்பி நன்றாகவே பேசினார். வேற்று உயிரின் மரபணு எதுவும் இதில் இல்லை என்றார். நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடத்தில் மட்டும் வெட்டு விழுகிறது, இலக்கு தவறி வேறெங்காவது விழுந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள் என்பதையும் படம் போட்டுக் காட்டினார். "ஆபத்து ரொம்பக் குறைவு, பயப்பட ஒன்றும் இல்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று முடித்தார்.

என் அம்மா எழுந்தார். 68 வயது, நாலு ஏக்கர், அப்பா போனபிறகு பதினோரு வருடமாக அவர்தான் வெள்ளாமை பார்க்கிறார். "தம்பி, இந்த நெல்லுலேர்ந்தே அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்துக்கலாமா? வெளையாமப் போச்சுன்னா யாரு வந்து பாப்பீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, அதெல்லாம் கொள்கை முடிவு. ஆபத்து பற்றி ஏதாவது கேள்வி இருக்கிறதா?"

அம்மா உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் இருந்து ஒரே வரி: "நான் ஆபத்தப் பத்தித்தானேடா கேட்டேன்?"

அந்த வரியிலிருந்து என்னால் வெளியே வர முடியவில்லை. நான் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கும் ஆபத்து என்று ஒன்று உண்டு, அது வாராக்கடன். அந்தத் தம்பிக்கு அது நெல்லின் செல்லுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கு அது அடகு வைத்த வளையலிலும், டிபிசி என்கிற நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நனைந்து கிடக்கும் குவியலிலும் இருக்கிறது. சொல் ஒன்றுதான், ஆளுக்கொரு இடத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இந்த நெல் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே வாக்கெடுக்க நான் வரவில்லை. புதிதாக ஒன்று வரும்போது, உங்கள் வேலையில், உங்கள் ஊரில், ஆபத்து என்றால் முதலில் எது கண்ணில் படுகிறது? அதைச் சொல்லுங்கள்.

---

மூலக்கூறு

அண்ணா, நான் தாவர உயிரித்தொழில்நுட்பத்தில் ஆய்வு மாணவன். மேடையில் இருந்தது நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது.

எங்கள் பக்கம் ஏன் அப்படிப் பேசுகிறது என்று சொல்கிறேன். கமலாவில் நடந்தது இதுதான். கதிரில் எத்தனை மணி என்பதில் சைட்டோகைனின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சிதைக்கும் ஒரு நொதி நெல்லிலேயே இருக்கிறது. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவை, குறிவைத்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் முடக்கினால் ஹார்மோன் தங்கும், மணி கூடும். இப்படி ஒரு மாற்றம் வயலில் தானாகவும் நேரலாம். மரபணுவில் தற்செயலாக மாற்றம் வருவது பயிருக்குப் புதிதல்ல.

இன்னொன்று. நாம் சாப்பிடும் நிலக்கடலையில் டிஏஜி 24 என்ற ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரகம். கதிர்வீச்சு கொடுத்து மரபணுவை மாற்றிய செடிகள் அதன் முன்னோர். கதிர்வீச்சு எங்கே எத்தனை மாற்றம் செய்யும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதற்கு எந்த எதிர்ப்பும் வரவில்லை. ஒரே இடத்தில் குறிவைத்து வெட்டுவதற்கு இவ்வளவு பயம். எங்களுக்கு இது முரணாகவே படும். 2022 மார்ச் 30 அன்று மத்திய அரசு வேற்று உயிரின் மரபணு இல்லாத திருத்தங்களுக்கு, அதாவது எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகைகளுக்கு, மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989 விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்ததும் இந்த வாதத்தை வைத்துத்தான்.

நாங்கள் கற்ற முறை இது: கெடுதல் எது, அது நேர வாய்ப்பு எவ்வளவு, இரண்டையும் பெருக்கு. அம்மாவின் கேள்வியைப் பெருக்க எங்களிடம் வாய்பாடு இல்லை. அதனால் "கொள்கை" என்று தள்ளிவிடுகிறோம்.

---

மருந்துக்கடை

ஒட்டன்சத்திரம் பக்கம் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்து இருபத்திரண்டு வருடம். தம்பி மூலக்கூறு சொன்ன கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. புதியதில் இருக்கும் ஆபத்தை எல்லோரும் எண்ணுகிறோம். இப்போது இருப்பதில் உள்ள ஆபத்தை ஒருத்தரும் எண்ணுவதில்லை, பழகிப்போய்விட்டது.

கத்தரியை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தையும் காயையும் துளைக்கிற புழு ஒன்று உண்டு. உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது, அதனால் போகும் முன்பே அடிக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். என் கடைக்கு ஒருவர் வருவார், டேங்க் கணக்கில் கூலிக்கு மருந்து அடிப்பவர். முகத்தில் துண்டு, காலில் ஒன்றும் இருக்காது. மூடியில் அளந்து வாளியில் ஊற்றிக் கையாலேயே கலக்குவார். கையுறையை நான் சும்மாவே கொடுத்திருக்கிறேன். வியர்வையில் வழுக்குகிறது, டேங்கின் கைப்பிடி நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் தலை சுற்றினால் மோர் குடித்துப் படுத்துக்கொள்வார். அடித்த இரண்டாம் நாள் காய் சந்தைக்குப் போகும். இதை நாம் எல்லோரும் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

2009 அக்டோபரில், அந்தப் புழுவைத் தானே எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பிடி கத்தரிக்கு ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். அதற்கு முன்னால் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார், சுமார் 8,000 பேர் வந்தார்கள். கேட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்திருந்தும் தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட இல்லை. நமக்குக் கிட்டத்தில் பெங்களூரும் ஹைதராபாத்தும்தான். டேங்க் தூக்குபவர் பெங்களூர் போய் மைக் பிடிப்பாரா? அதே கத்தரியை வங்கதேசம் 2013-இல் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. அங்கே மருந்துச் செலவு குறைந்ததாக ஆய்வுகள் வந்தன.

பிடி பருத்தியின் மறுபக்கமும் எனக்குத் தெரியும். 2002-இல் வந்தபோது காய்ப்புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்றார்கள். சில வருடம் நிஜமாகவே குறைந்தது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தே 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதனால் நான் எந்தக் கட்சியிலும் இல்லை. டேங்க் தூக்குபவரின் நுரையீரலை உங்கள் கணக்கில் சேருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

---

அண்ணாநகர்_அடுக்களை

நான் வாங்கிச் சமைப்பவள். எனக்கு ஒரே கேள்வி. இந்த அரிசி கடைக்கு வந்தால் பையின் மேல் எழுதியிருக்குமா?

---

மூலக்கூறு

அக்கா, விலக்கு பெற்ற வகை என்பதால் மற்ற ரகங்களைப் போலவேதான் வரும். சோதித்துக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் இயற்கையாக நேர்ந்த மாற்றத்துக்கும் இதற்கும் அரிசியில் வித்தியாசம் தெரியாது.

உலகம் முழுக்க இதில் ஒரே முடிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் இப்படித் திருத்தியவற்றையும் மரபணு மாற்றுப் பயிர்ச் சட்டத்துக்குள் வைத்தது. ஜப்பானில் 2021-இலேயே திருத்திய தக்காளி விற்பனைக்கு வந்துவிட்டது. அறிவியல் கட்டுரைகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், முடிவுதான் வேறு வேறு.

---

அண்ணாநகர்_அடுக்களை

சரி. அப்படியானால் எனக்குத் தேர்வு என்று ஒன்றே இல்லை. கெடுதல் இல்லை என்று நீங்கள் சொல்வதை நம்பத் தயார்தான். ஆனால் எனக்குத் தெரியாமல் என் தட்டில் வைப்பது தனி விஷயம், அதை நான் ஏற்க மாட்டேன். சர்க்கரை அதிகம் என்று தெரிந்தே பாயசம் சாப்பிடுகிறேன், அது என் முடிவு.

---

விதைக்கோட்டை

தங்கச்சி சொன்னது சரி. வெண்ணாற்றங்கரைத் தம்பி, உங்கள் அம்மாவை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

நான் மரபு நெல் காப்பவள். நம்மாழ்வார் ஐயாவின் பேச்சைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தேன். நெல் ஜெயராமன் அண்ணன் ஊர் ஊராகப் போய் 170-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்ததைப் பார்த்தவள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். என் வீட்டு வாசலில் ஒரு கோட்டை இருக்கிறது. வைக்கோல் பிரி சுற்றி, மேலே சாணம் மெழுகி, உள்ளே கருப்புக் கவுனி. அடுத்த வருடம் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற தைரியம் அதற்குள் இருக்கிறது.

அந்தத் தைரியம் போய்விடுமோ என்பதுதான் எனக்கு ஆபத்து. மரபணுவை வெட்டுகிற கருவியின் காப்புரிமை வெளிநாட்டில். பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001 விவசாயி விதை எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், பிராண்ட் பெயர் போட்டு மட்டும் விற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படிச் சட்டம் இருந்தும் 2019-இல் குஜராத்தில் தன் பதிவு ரக உருளைக்கிழங்கைப் போட்டதாகச் சிறு விவசாயிகள் மேல் பெப்சிகோ ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே திரும்பப் பெற்றார்கள். காகிதத்தில் உரிமை இருக்கும், கோர்ட்டுக்கு அலைய காசு யாரிடம் இருக்கும்?

அப்புறம் உப்பு நிலத்துக்கு என்று ஒரு ரகம். நல்லது. வேதாரண்யம் பக்கம் குழியடிச்சானும் களர்ப்பாலையும் உப்பில்தான் விளைகின்றன. புது ரகத்தைச் சோதித்தபோது பக்கத்துப் பாத்தியில் இவற்றையும் போட்டுப் பார்த்தீர்களா? எதோடு ஒப்பிட்டு நல்லது என்கிறோம் என்பதை முடிவு செய்வது யார்?

---

கமக்காரன்_கிளி

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். அக்கா, உங்கட கோட்டை எங்கட பக்கமும் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எங்கட விதையும் போய்விட்டது. இப்ப விதைப்பதெல்லாம் திணைக்களம் தந்த இனங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. புதுசு வந்தால் மட்டும்தான் ஆபத்து என்றில்லை. இருக்கிறதை ஒரே நாளில் எடுத்தாலும் ஆபத்துத்தான். 2021 மே மாதம் எங்கட நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். மண்ணுக்கும் மனிசருக்கும் கூடாது என்று காரணம் சொன்னார்கள். வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோயால் சனம் படும் பாடு எல்லாருக்கும் தெரியும், அந்தப் பயத்தில் 2015-இலேயே கிளைபோசேட் களைநாசினியை நிறுத்தினவர்கள். ஆகவே நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காலபோகம், அதாவது மாரிமழை நெல், விதைக்கிற நேரம் யூரியா இல்லை. சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், போடு என்றார்கள். ஓர் ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும், அதை எங்கே எடுப்பது, யார் ஏற்றி இறக்குவது, ஒருத்தரும் சொல்லவில்லை. என்ர வயலில் பயிர் மஞ்சளாகிக் குட்டையாக நின்றது. வரம்பில் நின்று பார்த்தால் பக்கத்து வயலும் அதே நிறம். நவம்பரில் தடையை எடுத்தார்கள், எங்களுக்கு அது பிந்திவிட்டது. வழக்கமாக எடுக்கிறதில் பாதியும் கிடைக்கவில்லை.

பசளையின் ஆபத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். பசளை இல்லாமல் போவதின் ஆபத்தைக் கணக்குப் பார்க்கக்கூடியவர்கள் நாங்கள். எங்களை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

---

வேல்ஸ்_செவிலி

கிளி அண்ணை எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் வடக்கு வேல்ஸில் நர்ஸ். எங்கள் வார்டுக்கு வரும் வயதான ஆட்டுக்காரர்கள் செர்னோபிலைப் பற்றி நேற்று நடந்த மாதிரிப் பேசுவார்கள்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மே தொடக்கத்தில் பெய்த மழை இங்குள்ள மலைகளிலும் இங்கிலாந்தின் கம்பிரியாவிலும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளை இறக்கியது. ஜூனில் ஆடுகளை விற்கவும் நகர்த்தவும் தடை வந்தது. மூன்றே வாரம் என்றார்கள் நிபுணர்கள். கடைசித் தடை நீங்கியது 2012-இல், இருபத்தாறு வருடம் கழித்து. கதிர்வீச்சு அதிகம் இருந்த ஆடுகளின் மேல் சாயம் பூசி அடையாளம் வைப்பார்களாம். அந்தச் சாயம் ஏறிய ஆட்டைச் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு தாத்தா சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

மூன்று வாரம் எப்படி இருபத்தாறு வருடம் ஆனது? களிமண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறாது. நிபுணர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். இங்குள்ள மலைமண் புளிப்பான கரி மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் மறுபடி மறுபடி புல்லுக்கு ஏறி ஆட்டுக்குப் போனது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் என்ற ஆய்வாளர் கம்பிரியா ஆட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி இதையெல்லாம் எழுதினார். மலையில் மேயவிடாமல் வைக்கோல் போடச் சொன்னார்களாம், மலை ஆடு வைக்கோலை எட்டிக்கூடப் பார்க்காது. வேலிக்குள் அடைத்துவைத்துச் சோதனை செய்தார்களாம், அடைத்த ஆடு மெலியும் என்று சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை.

எனக்கு நெருக்கமான இன்னொரு விஷயம். 1987-இல் பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். முப்பது விஷயங்களை ஆபத்து வரிசையில் அடுக்கச் சொன்னதில், பெண் வாக்காளர் சங்கத்தினர் அணுமின்சாரத்தை முதலில் வைத்தார்கள், நிபுணர்கள் இருபதாவதில் வைத்தார்கள். எக்ஸ்ரே அப்படியே தலைகீழ்: நிபுணர்களுக்கு அது ஏழாவது, பெண்களுக்கு இருபத்திரண்டாவது. நிபுணர்கள் வருடத்துக்கு எத்தனை சாவு என்று பார்த்தார்கள். மற்றவர்கள் இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, என் பிள்ளைக்கும் தொடருமா, தப்பு நடந்தால் திருத்த முடியுமா என்றெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளிகள் ஊசிக்கு முன் என்னிடம் கேட்பதும் இவைதான்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

விவரம் தெரியாத மக்களை இதிலெல்லாம் முடிவெடுக்க விடலாமா என்று சிலர் கேட்பார்கள். நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

1975-இல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் ஒட்டும் ஆய்வின் பாதுகாப்பைப் பேச விஞ்ஞானிகள் கூடினார்கள். தாங்களே கூடித் தங்களுக்கே விதி வகுத்துக்கொண்டார்கள். பெரிய காரியம்தான். அடுத்த வருடம் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அந்த ஆய்வுக்கு ஒரு பாதுகாப்புக் கூடம் கட்டப் போனபோது, அது இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி விஞ்ஞானிகளை நகரசபைக்கு வரச் சொன்னார். இங்கே எங்கள் மொழியில் பேசுங்கள் என்று கேட்டார். ஆய்வைச் சில மாதம் நிறுத்தி, ஊர்க்காரர்களை வைத்து ஒரு குழு அமைத்தார்கள். எரியெண்ணெய் வியாபாரம் செய்பவர் ஒருவர், நர்ஸ் வேலை பார்த்த ஒரு கன்னியாஸ்திரி என்று இப்படிப்பட்டவர்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து இரு தரப்பையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். 1977 பிப்ரவரியில் அவர்கள் சொன்னபடியே சட்டம் வந்தது. ஆய்வு நடக்கலாம், கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு.

பயந்து மூடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பிற்பாடு உயிரித்தொழில்நுட்பக் கம்பெனிகள் அந்த ஊரைத் தேடி வந்தன. விதி இன்னது என்று முன்பே தெளிவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் கிராமசபைக்கு இது முடியாதா?

---

நடவுக்காரி_மகள்

வாத்தியார் ஐயா, முடியும். ஆனால் எங்கள் ஊர் கிராமசபையில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த இழை முழுக்க 'விவசாயி' என்ற சொல் வருகிறது. நிலம் இருப்பவர், குத்தகைக்கு எடுத்தவர், கூலிக்கு நடுபவர், களை பறிப்பவர், எல்லோரையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டுகிறோம். என் அம்மா நாற்பது வருடம் நட்டவர். நடவு மிஷின் எங்கள் ஊருக்கு வந்த அன்று எல்லோரும் வரப்பில் நின்று கைதட்டினார்கள். அம்மாவும் நின்றார். அந்த வருடம் அவர் குழுவுக்கு நடவு பாதியாகக் குறைந்தது. மிஷினின் ஆபத்து என்று யாராவது பட்டியல் போட்டிருந்தால் அதில் எண்ணெய்ச் செலவு இருந்திருக்கும், அம்மா இருந்திருக்க மாட்டார்.

இப்போது களைக்கொல்லி தாங்கும் நெல் வருகிறது. 2021-இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு பாசுமதி ரகங்களை வெளியிட்டது, 1979, 1985 என்று எண். அவை மரபணு மாற்றியவை இல்லை. நேரடியாக விதைத்து மேலே களைக்கொல்லி அடித்தால் நெல் நிற்கும், களை சாகும். தண்ணீர் மிச்சம், கூலி மிச்சம் என்கிறார்கள். அந்த 'கூலி மிச்சம்' எங்கள் வீட்டு அரிசி. பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகும் எங்களுக்கு அது ஆபத்துதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. நடவில் குனிந்தே அம்மாவின் இடுப்பு போய்விட்டது, அந்த வேலை என் மகளுக்கு வேண்டாம். அந்த வேலை போகும் இடத்தில் என்ன வரும் என்று பேச ஒரு நாற்காலி கொடுங்கள்.

---

மருந்துக்கடை

தங்கச்சி, நான் டேங்க் தூக்குபவரைப் பற்றிப் பேசிவிட்டு உங்கள் அம்மாவை மறந்துவிட்டேன். மன்னிக்கணும்.

---

வெண்ணாற்றங்கரை

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்காரர் கதையில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புது நெல்லு எத்தன நாளுன்னு சொன்னாரு?" என்று கேட்டார்.

பிபிடியைவிட இருபது நாள் முன்னால் வரும், 130 நாள் என்றேன். கூட்டத்தில் அதைத்தான் பெரிய நன்மையாகச் சொன்னார்கள். தண்ணீர் மிச்சம் என்று.

அம்மா விரல் விட்டு எண்ணினார். "ஆவணி நடுவுல விட்டா கார்த்திகையில கதிர் வாங்கிரும். அடைமழையில பூத்தா பதராத்தான போவும்?"

எனக்குப் பகீரென்றது. வடகிழக்குப் பருவமழையில் பூக்கும் நெல்லில் மகரந்தம் கழுவிப்போகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழைக்குத் தப்பிப் பூக்கத்தான் சம்பாவுக்கு நீண்ட நாள் ரகம் போடுகிறோம். ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. மேட்டூரை ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள், மேலத் தஞ்சாவூர்க்காரனுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காத வருடத்தில் இது கைகொடுக்கும் என்றார். 2023 பிப்ரவரி முதல் வாரம் அறுப்புக்கு நின்ற பயிர் சாய்ந்து முளைத்ததே, இது போட்டிருந்தால் அதற்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருக்கும் என்றார். ஆனால் ஜனவரியில் அறுத்தால் பனியில் நெல் காயாது, டிபிசியில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள் என்றும் சொன்னார். விதைப்பைத் தள்ளிப்போடலாமே என்று கேட்டேன். "வாய்க்கால் கடைசியில இருக்கோம். மழ புடிச்சிட்டா நாத்து முழுகிரும், தள்ளிப்போட முடியாது" என்றார்.

மூலக்கூறு தம்பி, இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

---

மூலக்கூறு

அண்ணா, காலையிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரகங்களைப் பல மாநிலங்களில், பல இடங்களில் போட்டுச் சோதித்து, சராசரி எடுத்துத்தான் பரிந்துரைப்பார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் கமலாவின் பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒரு மாநிலம் என்று எழுதும்போது மேலத் தஞ்சாவூரும் உங்கள் கடைமடையும் ஒரே புள்ளியாகிவிடுகின்றன. சோதனையின் மகசூல் எண்களைப் பற்றி வெளியே வேறு ஒரு சர்ச்சையும் நடக்கிறது, அதற்கும் சோதனைத் தரவுகளை முழுதாக வெளியே வைப்பதுதான் வழி என்பது என் கருத்து.

அம்மா சொன்னதை நான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரும்பலகையில் எழுதினேன். விதைப்பு நாள், பூக்கும் நாள், மழை, மேட்டூர் மூடும் நாள், ஈரப்பதம் 17. எங்கள் பேராசிரியர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை வைத்து ஒரு சோதனை வகுக்கலாம் என்றார். கடைமடை வயலில், மூன்று விதைப்புத் தேதிகளில், வழக்கமான ரகங்களைப் பக்கத்திலேயே போட்டு. விதைக்கோட்டை அக்கா கேட்டபடி குழியடிச்சானையும் ஒரு பாத்தியில் வைக்க வேண்டும் என்று நான் சேர்த்திருக்கிறேன். புதிய ரகம் எங்கள் கைக்குக் கிடைக்க நாளாகும். அதுவரை அதே 130 நாள் வயதுள்ள சாதாரண ரகத்தை வைத்தே பூக்கும் காலத்தைப் பார்த்துவிடலாம்.

விதை எடுக்கலாமா என்ற கேள்விக்கு: இது வீரிய ஒட்டு இல்லை, நேர் ரகம். எடுத்த விதை அப்படியே முளைக்கும். சட்டப்படியும் விவசாயிக்கு உரிமை உண்டு. அந்த மேடையில் இதைச் சொல்ல இரண்டு வரி போதும், சொல்லியிருக்க வேண்டும். விளையாமல் போனால் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது ஆபத்து பற்றிய கேள்விதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை

சொன்னேன் தம்பி. சோதனைக்கு வாய்க்காலை ஒட்டின பதினைந்து குழி நிலத்தை எடுத்துக்கொள்ளட்டும், தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும், அங்கே தேறினால் எங்கேயும் தேறும் என்கிறார். களை எடுக்க ஆள் வைத்தால் வழக்கமான கூலியை ஆய்வுக்கூடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் போடும் நிபந்தனை. நடவுக்காரி_மகள், இது உங்கள் பதிவைக் கேட்டபிறகு சேர்த்தது.